புளிக்காமல் திரைந்தது

ஜிந்துப்பிட்டித் தேநீர்க்கடையிலிருந்து
பதினொரு பக்கற்றுகள் திரும்பி வந்தன.
கொதிக்கிற தேநீரில் ஊற்றியதும்
வெள்ளைத் துணுக்குகளாய் மிதந்ததாம்.
ஒன்றை வெட்டி ஒரு துளி நாக்கில் வைத்தேன்
(வைக்கக் கூடாது, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது).
புளிப்பில்லை.
திரைந்திருந்தது, ஆனால் இனித்தது.

புளித்திருந்தால் யாரையாவது சொல்லலாம்:
வெயிலில் நின்ற லொறி,
மின்வெட்டில் வியர்த்த கடைக் குளிர்பெட்டி.
புளிக்காமல் திரைந்த பாலுக்குச்
சாட்சி வேறு.

மேல்மாடியில் அதற்குள்
சாட்சி இல்லாமலே முடித்துவிட்டார்கள்.
லொறிக்கார அன்வர்டீனை
இரண்டு வாரம் வீட்டில் நிற்கச் சொல்லி
விஜேதுங்க கையெழுத்துப் போட்டிருந்தார்.
"ஏசி முழுக்க ஓடினது மிஸ்."
அவர் நீட்டிய சுருள்தாளில்
மட்டக்குளியிலிருந்து ஆமர் வீதி வரை
நாலு பாகையில் ஒரு நீல மைக்கோடு,
நடுக்கமே இல்லாமல்.

அன்றிரவு
களனி கங்கைப் பக்க யன்னலைச் சாத்திவிட்டுப்
பாலை எண்பது பாகையில் பத்து நிமிடம் வைத்தேன்,
சாகக்கூடியது எல்லாம் சாகட்டும் என்று.
மிச்சத்தை ஏகார்த் தட்டில் தீற்றினேன்.
மறுநாள்
கண்ணாடியை அரைத்துத் தூவியது போல
ஓரம் கிழிந்த, மினுக்கமற்ற வட்டங்கள்.

மூன்றாம் நாள் சாயம்.
ஆவியில் பிடித்துப் பச்சை,
கழுவிவிட்டுச் சிவப்பு.
நுணுக்குக்காட்டியில்
சிவப்புக் குச்சிகளின் வயிற்றில்
ஒவ்வொரு பச்சை மணி.

வித்தி.
எழுபத்திரண்டு பாகை, பதினைந்து விநாடி,
எங்கள் இயந்திரம் ஒரு பிழையும் செய்யவில்லை.
கொல்ல அனுப்பிய சூட்டைச்
சேவல் கூவியதாய் எடுத்துக்கொண்டு
இது எழும்பியிருக்கிறது.

மச்சான் கவிதை எழுதுகிறவன். சொன்னேன்.
"எங்கட சனம் மாதிரி" என்றான், உடனே.
இல்லையடா.
இதற்கு ஊர் இல்லை, கோபம் இல்லை.
சாப்பாடு வற்றினால் கதவைச் சாத்தும்,
வந்தால் திறக்கும்.
நூறு வருசம் சாத்தியே கிடக்கும்.
சனத்துக்குப் பசிக்கும்.

இதன் ஒன்றுவிட்ட உறவு
எங்கோ ஒரு தேசத்து உருக்குத் தாங்கிக்குள்
சோயாமா தின்று
நொதியம் சுரந்துகொண்டிருக்கிறது.
அது சவர்க்காரத் தூளில் கலந்து கப்பலேறி வந்து
சனிக்கிழமைகளில்
என் வெள்ளைக் கோட்டின் பால்கறையை அரிக்கிறது.
அங்கே கூலிக்காரன், இங்கே கள்ளன்.
இரண்டு பேருக்கும் தெரிந்த தொழில் ஒன்றுதான்,
புரதம் நறுக்குவது.

பச்சைப்பால் வருகிற மூன்றாம் தாங்கி.
அதன் அடி மூட்டில் ஒரு றப்பர் வளையம்,
அதில் நகக்கண் அளவு வெடிப்பு.
காரமும் அமிலமும் தினம் ஓடிப் போன பிறகும்
உள்ளே பிசுபிசுப்பாய் ஒரு குடியிருப்பு.
மூக்கருகே பிடித்தேன். ஒரு மணமும் இல்லை.

"வளையம் மாத்தியாச்சுதானே" என்றார் விஜேதுங்க,
தன் தமிழில், மெதுவாக.
"போக்குவரத்தில் குளிர் குறைந்தது என்று எழுதுங்க."
கெட்ட மனிதர் இல்லை.
அம்மாவின் ஒப்பரேசனுக்கு
கேட்காமலே லீவு தந்தவர்.
நான் வளையம் என்று எழுதினேன்.
கோப்பு மேலே போனது.
மேலே என்றால் எந்த மேசை என்று
இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அன்வர்டீன் இப்போது
மாளிகாவத்தையில் த்ரீவீல் ஓட்டுகிறார்.
ஒரு மழைநாள் தெரியாமல் ஏறிவிட்டேன்.
பாலைப் பற்றிப் பேசவில்லை.
இறங்கும்போது காசு வேண்டாம் என்றார்,
நீட்டிய கையை நான் மடக்கவில்லை,
பிறகு வாங்கினார். மிச்சமும் எண்ணித் தந்தார்.

அந்த வித்திகளை மணலோடு காயவைத்து
ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து
அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.
அவற்றுக்குக் குளிர் வேண்டாம்,
மின்சாரம் வேண்டாம்,
நானும் வேண்டாம்.
ஒட்டிய தாளில்
திகதி, மூன்றாம் தாங்கி, அடி மூட்டு.
கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது.
லொறி அல்ல.